வெறும் பானைக்கு வைத்த தீ

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு கிராமத்துக்கு மேலே இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் காப்பி எஸ்டேட்டில் கருப்பண்ணன் மேஸ்திரியாக இருந்தான். கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த குடும்பம். தாத்தா காடு வெட்டினார், அப்பன் காப்பிச் செடிக்குக் குழி எடுத்தான், இவன் ஆள்களை வேலை வாங்கினான். கூலியாள்கள் குடியிருந்த லைன் வீடுகளின் வரிசையில் முதல் வீடு அவனுடையது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எஸ்டேட் ஸ்டோருக்கு மெஷின் அரிசி வரத் தொடங்கியது. அதுவரை குத்தின அரிசிதான், சிவப்பும் தவிடுமாக இருக்கும். புது அரிசி மல்லிகைப்பூப் போல இருந்தது. புடைக்க வேண்டாம், சீக்கிரம் வெந்துவிடும். லைனில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. மற்ற வீடுகளில் அரிசி தீர்ந்தால் ராகிக் களி கிண்டுவார்கள். மேஸ்திரி வீட்டில் மூன்று வேளையும் சோறுதான். அதில் கருப்பண்ணனுக்குப் பெருமை உண்டு.

அவன் மனைவி வீராயி எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகச் சாப்பிடுவாள். குழம்பில் கிடக்கும் பருப்பும் காயும் கணவனுக்கும் மகள் பொன்னாயிக்கும் போய்விடும். அவளுக்கு மிஞ்சுவது சோறும் உப்பும் ஒரு மிளகாயும். வருஷக்கணக்காக அப்படித்தான்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் கால் மரத்தது. முதலில் குளிர் என்று நினைத்தாள். பிறகு பாதம் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. கருப்பண்ணன் தாயத்து கட்டினான். சேர்வராயன் கோயிலுக்குக் காசு முடிந்து வைத்தான். ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டு வரும்போது அவள் குடத்தோடு விழுந்த அன்று, இரண்டு ஆள்களை வைத்துக் கம்பளியில் தொட்டில் கட்டி ஏற்காடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

"ஏனுங்க, எனக்குக் கால் இருக்குதா இல்லியான்னே தெரியலீங்க," என்று தொட்டிலுக்குள்ளிருந்து வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள் வீராயி.

டாக்டர் அவள் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கால் ஆடவில்லை. என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். கருப்பண்ணன் முந்திக்கொண்டு, "மூணு வேளையும் அரிசிச் சோறுதானுங்க. எங்க ஊட்டுல ஒரு கொறையும் இல்லீங்க," என்றான்.

"அதுதான் வியாதி," என்றார் டாக்டர். "மெஷின் அரிசியில சத்தெல்லாம் தவிட்டோட போயிடுது. அதை நிறுத்துங்க. ராகி, தினை, முளைகட்டின பயறு, நிலக்கடலை, கீரை, பழம் கொடுங்க. அடுப்புல குனிஞ்சு ஊதற வேலை வேண்டாம். இருதயம் களைச்சுப் போயிருக்கு." ஒரு பாட்டிலில் மருந்தும் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் கருப்பண்ணன் தொட்டிலுக்கு முன்னால் தனியாக நடந்தான். சோறு போட்டதே தப்பு என்று ஒருவர் சொல்வார் என அவன் எதிர்பார்க்கவில்லை.

மலைக்காரப் பெண் கண்ணாயி லைனுக்கு வாரம் ஒருமுறை தலைச்சுமையாகத் தேனும் தினையும் பழமும் கொண்டு வருவாள். வீராயி அவளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா இப்படி மலைச்சுப் போயி உக்காந்திருக்கிறீங்க?" என்றாள் கண்ணாயி. "தெனையை ஊற வெச்சு, இடிச்சு, தேனூத்திப் பிசைஞ்சு தின்னுங்க. அதுக்கு அடுப்பு எதுக்கு? பொறத்தால எடம் சும்மாத்தான கெடக்குது, வெதை தாரேன், போடுங்க."

வீட்டின் பின்பக்கம் சாம்பலும் குப்பையும் கொட்டிக் கிடந்த இடத்தைப் பொன்னாயி கொத்திவிட்டாள். முள்ளங்கி, வெள்ளரி, தக்காளி, இரண்டு பாத்தி கீரை. மழை ஈரத்தில் எல்லாம் தானாக வந்தன. வேலியோரத்தில் ஏற்கெனவே ஒரு கொய்யா இருந்தது. வீராயி வாசற்படியில் உட்கார்ந்தபடி எதை எங்கே நடுவது என்று சொல்வாள்.

காலை ஆகாரம் மாறிவிட்டது. பச்சைப்பயறை நனைத்துத் துணியில் கட்டிக் கூரை விட்டத்தில் தொங்கவிட்டாள். முளைவிட்டதும் வெள்ளரியை அரிந்து போட்டு, உப்பு தூவித் தின்பாள். ஒருநாள் தினைமாவு, ஒருநாள் ஊறிய கடலையும் கொய்யாவும். பொன்னாயிக்கும் அது பிடித்துவிட்டது. அதிகாலையில் எழுந்து அடுப்போடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பதும் ஒரு காரணம். மத்தியானத்துக்கும் இரவுக்கும் முந்தின மாலையே களியும் கீரையும் செய்துவிடுவாள். கருப்பண்ணனுக்கு மட்டும் தனியாகச் சோறு வடித்துத் தண்ணீர் ஊற்றி வைப்பாள். காலையில் அவன் அதைக் கரைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போவான்.

ஆக, காலையில் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

லைன் முழுவதும் விடியும் நேரத்தில் ஓட்டிடுக்கு வழியாகப் புகை கசியும். முதல் வீட்டில் மட்டும் ஒன்றும் இல்லை. சாவு விழுந்த வீட்டில்தான் அப்படி இருக்கும். அடுத்த வீட்டுக் காளியாயி தலைமயிரை அள்ளி முடிந்தபடி ஓடி வந்தாள்.

"மேஸ்திரி ஊட்டுல அடுப்பெரியலியே! வீராயக்கா இருக்குதுங்களா?"

வீராயி உள்ளே உட்கார்ந்து முள்ளங்கியைக் கடித்துக்கொண்டிருந்தாள். "இருக்கறேன், வா," என்றாள். இருவரும் சிரித்தார்கள். கருப்பண்ணன் சிரிக்கவில்லை.

மறுநாள் இன்னொருத்தி வந்து கேட்டாள். அதற்கடுத்த நாள் வேலைக்காட்டில் ஒருவன், "மேஸ்திரி ஊட்டுல அரிசி தீந்துருச்சாட்டம் இருக்குது," என்று சொன்னது அவன் காதில் விழுந்தது.

அதன் பிறகு அவன் எல்லோருக்கும் முன்பாக எழுந்தான். அடுப்பில் பானையை வைத்து, தண்ணீர் ஊற்றி, ஈரக் காப்பிக் குச்சிகளைச் செருகித் தீ வைத்தான். புகை நன்றாக வந்தது. வெளியே போய் நின்று ஓட்டுக்கு மேலே பார்த்துவிட்டு உள்ளே வருவான். தண்ணீர் கொதித்ததும் கொல்லையில் கொட்டிவிடுவான்.

"எதுக்குங்க இந்த வேலை?" என்று வீராயி கேட்டாள்.

"உனக்கென்ன, நீ தின்னு," என்றான்.

புகைக்கு இருமல் வந்தபோது அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இது பல வாரம் நடந்தது. லைனில் வேறு பேச்சு கிளம்பியது. மேஸ்திரி வீட்டில் எல்லோருக்கும் முன்னால் அடுப்பு எரிகிறது, ஆனால் குழம்பு வாசனை இல்லை, தாளிக்கிற சத்தம் இல்லை. வீட்டுக்காரி நோயாளி. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது மேஸ்திரியே. கொல்லையில் எதையோ கொட்டுகிறான். மலைக்காரி மூட்டை மூட்டையாக என்னவோ கொண்டு வந்து கொடுக்கிறாள். சாராயம் காய்ச்சுகிறான் என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. அந்தப் பேச்சு எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் நல்லமுத்துவிடம் போய்ச் சேர்ந்தது.

நல்லமுத்து சேலத்துக்காரர், ஆபீஸ் வேலைக்கு வந்தவர். கருப்பண்ணன் மேல் அவருக்குக் கோபமோ அன்போ கிடையாது. துரை காதுக்குப் போவதற்கு முன்னால் தானே பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தார். ஒரு விடியற்காலையில் வாட்ச்மேன் காளியப்பனை அழைத்துக்கொண்டு வந்து கதவைத் தள்ளினார். லைன் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

கருப்பண்ணன் ஊதாங்குழலோடு அடுப்புக்கு முன் குந்தியிருந்தான்.

"பானையில என்ன மேஸ்திரி?"

"தண்ணிங்க."

"தண்ணியில என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

காளியப்பன் மூடியை எடுத்துப் பார்த்தான், மோந்தான். ஒரு கரண்டி எடுத்து ஊதி வாயில் விட்டும் பார்த்தான். "வெறுந்தண்ணிதானுங்க," என்றான். அவன் குரலில் ஏமாற்றம் இருந்தது.

ரைட்டர் அண்ணாந்து பார்த்தார். விட்டத்தில் துணிமூட்டை ஒன்று சொட்டச் சொட்டத் தொங்கியது.

"அது என்ன? சாராய ஊறலா?"

கருப்பண்ணன் ஊதாங்குழலைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் வேர்த்திருந்தது. அப்போது கொல்லைக் கதவு வழியாக வீராயி வந்தாள். சுவரைப் பிடிக்காமல்தான் வந்தாள். அதை யாரும் அப்போது கவனிக்கவில்லை.

"அது என்ற காத்தாலச் சோறுங்க," என்றாள். "அவுத்துப் பாருங்க."

காளியப்பன் அவிழ்த்தான். உள்ளே பச்சைப்பயறு வெள்ளை முளைகளோடு பிதுங்கி நின்றது. வாசலில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"இதைச் சமைக்கத்தான் அடுப்பா?" என்றார் ரைட்டர்.

"இல்லீங்க. இது பச்சையா திங்கறது. டாக்டரய்யா சொன்னது."

"அப்ப இந்தத் தண்ணி எதுக்குக் கொதிக்குது?"

வீராயி கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். இனி அவளுக்கு வேறு வழி இல்லை.

"எங்க ஊட்டுலயும் பொகை வரோணும்னு போடறாருங்க. அவ்வளவுதானுங்க."

வாசலில் ஒரு பெண் சிரித்தாள். அது பரவியது. ரைட்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வெளியே போனார். "துரைக்கு நான் ஒண்ணும் சொல்லல மேஸ்திரி," என்று மட்டும் வாசலில் நின்று சொன்னார்.

அன்று வேலைக்காட்டில் கருப்பண்ணன் ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டபோது ஆள்கள் குனிந்துகொண்டார்கள். "இருக்கறேனுங்க," என்று சொல்லும் குரல்களில் சிரிப்பு இருந்தது. மத்தியானம் அவன் சாப்பிட வரவில்லை. பொன்னாயி சாப்பாட்டுத் தூக்குப் போசியோடு போய்த் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

பொழுது சாய்ந்த பிறகு வந்து பின்பக்கம் பாத்தி ஓரமாக உட்கார்ந்தான். வீராயி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நாஞ் சொல்லாம இருந்திருந்தா ஊறல்னு எழுதிக்கிட்டுப் போயிருப்பாருங்க."

"நீ சொன்னது தப்பில்ல."

"அப்பறம் என்னத்துக்கு இப்படி? அரிசி இல்லாத ஊடுன்னு நாலு பேரு சொன்னாத்தான் என்னங்க? ஸ்டோர்ல நம்ம பேருக்கு அளந்து போடறது எல்லாருக்கும் தெரியும்."

அவன் ஒரு முள்ளங்கி இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"மொதல்ல அதுக்குத்தான் போட்டேன்," என்றான். "அப்பறம் அதில்ல புள்ள. காத்தால முழிச்சா ஊடு இருட்டா, சில்லுன்னு கெடக்குது. உன்ற சத்தமே இல்ல. எங்கம்மா செத்த அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு. ஆஸ்பத்திரியில அந்தச் சுத்தில தட்டி உன்ற காலு ஆடலீன்னதுல இருந்து தெனமும் அதான் நெனப்பு. தீயைப் போட்டாத்தான் திரும்பி உன்னையப் பாக்கறதுக்குத் தைரியம் வருது."

இத்தனை வருஷத்தில் அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. அவன் கிள்ளிப் போட்ட இலைத் துண்டுகளைப் பொறுக்கியபடி, "நாளைக்கு என்னைய எழுப்புங்க," என்றாள். "நான் எந்திரிச்சு உங்களோட பேசிக்கிட்டிருக்கறேன். தீ வேண்டாம். பொகை எனக்கு ஆகலீங்க."

மறுநாள் அவன் எழுப்பினான். அவள் பேசினாள். பேச ஒன்றுமில்லாதபோது, பயறைத் தட்டில் கொட்டி அவன் பக்கம் தள்ளினாள். வாயில் போட்டு மென்றான். மண் வாசனை அடிக்கிறது என்றான். பழைய சோற்றைக் கேட்டு வாங்கிக் குடித்தான். அடுத்த வாரம் உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்தால் பரவாயில்லை என்றான். தினைமாவு மட்டும் அவனுக்கு முதல் நாளே பிடித்திருந்தது, ஆனால் அதை ஒப்புக்கொள்ளப் பல நாள் ஆயிற்று.

காப்பிப் பழம் எடுக்கும் காலம் வருவதற்குள் வீராயியின் வீக்கம் வடிந்துவிட்டது. ஒரு நாள் வேலியோரத்தில் முள் குத்தி, "ஐயோ!" என்று கத்தினாள். பொன்னாயி பதறிப்போய் ஓடி வந்தபோது, அம்மா காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது, வலிக்கிறது என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

காளியாயி ஒரு பிடி வெள்ளரி விதை கேட்டு வாங்கிப் போனாள். இன்னும் இரண்டு வீடுகளில் பாத்தி போட்டார்கள். ஒன்றில் பன்றி புகுந்து நாசம் செய்தது, அவர்கள் மறுபடியும் போடவில்லை. ஸ்டோரில் மெஷின் அரிசியே தொடர்ந்து வந்தது, லைனில் பெரும்பாலானவர்கள் அதையே தின்றார்கள். கருப்பண்ணனை நேருக்கு நேர் யாரும் கேலி செய்ததில்லை, ஆனால் மழைக்காலத்தில் எந்த வீட்டில் புகை அதிகமானாலும், "மேஸ்திரி பொகை," என்று சொல்லும் வழக்கம் அந்த எஸ்டேட்டில் நிலைத்துவிட்டது.

அடுத்த தை மாதம் பொன்னாயிக்கு வெள்ளக்கடை என்ற மலைக்கிராமத்தில் கல்யாணம் நடந்தது. விருந்துக்கு வெள்ளை அரிசிதான் வடித்தார்கள், வேறு எதைப் போட்டாலும் சம்பந்தி வீட்டார் எழுந்து போயிருப்பார்கள். வீராயியும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நல்லாத்தான் இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பரிமாறுகிறவர்கள் இரண்டாம் முறை வந்தபோது இலைக்கு மேல் கையை விரித்துப் போதும் என்றாள். சாப்பாடு முடிந்ததும் கருப்பண்ணனும் அவளும் கண்ணாயி கொடுத்தனுப்பிய மலைவாழைப் பழங்களை ஆளுக்கொன்று உரித்துத் தின்றபடி, எஸ்டேட் வரைக்கும் ஏற்றத்தில் நடந்தே வந்தார்கள்.