லாரிக்கு முன்னால்

"அப்பா, லாரியில ஏறி வந்தவங்களுக்கும் மெடல் குடுப்பாங்களா?"

பேக்கரிக்காரரின் ஏழு வயது மகள் போன வருடம் கேட்ட கேள்வி இது. கேட்ட இடம் ஊர்ச் சதுக்கம். சொந்தபந்தம் அத்தனையும் மணிக்கூண்டுக்கு அடியில் கூடி நின்ற நேரம். குழந்தைகளுக்குக் கடவுள் வெள்ளை மனதைக் கொடுத்தார், சரி. கூடவே கொஞ்சம் சன்னமான குரலையும் கொடுத்திருக்கலாம்.

பேக்கரிக்காரர் அப்போது லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, காலைத் தரையில் வைக்கவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தார். அவருடைய சகலை, மனைவியின் அக்காள் கணவர், பல் டாக்டர். அவர் தன் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். அன்று மாலையே டாக்டரின் பிள்ளைகள் 'லாரி சித்தப்பா' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் எப்படியோ வீட்டைத் தாண்டிக் கடைக்கும் வந்து சேர்ந்தது. "லாரி அண்ணே, நாலு பன்" என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

வருடத்துக்கு ஒருநாள் நடக்கும் சைக்கிள் பயணம் அது. விடியும்போது சதுக்கத்தில் கிளம்பி, ஒரு மலை ஏறி இறங்கி, ஆற்றோரமாகவே போய், இரண்டு பழைய கோட்டை ஊர்களைத் தொட்டு, மாலை ஆறு மணி அடித்து ஓய்வதற்குள் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட வேண்டும்; வந்தால்தான் மெடல். கிளம்பிய இடத்துக்கே வருவதற்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்டுவிடக் கூடாது. வாழ்க்கையே அப்படித்தான் என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

எல்லோருக்கும் பின்னால் ஒரு லாரி ஊர்ந்து வரும். உட்கார்ந்திருப்பவர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவர், யாராக இருந்தாலும் லாரி எட்டிப் பிடித்தால் அள்ளிப் போட்டுக்கொள்ளும். மிதித்துக்கொண்டிருப்பவரை மட்டும் தொடக் கூடாது, முந்தவும் கூடாது. போன வருடம் பேக்கரிக்காரர் ஒரு கல்லில் உட்கார்ந்து தன் கடைப் பன்னையே ருசித்துக்கொண்டிருந்தபோது லாரி வந்துவிட்டது. பாதி பன் வாயிலும் பாதி பன் கையிலுமாக ஏறினார்.

இந்த வருடம் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மணி ஓயுமுன் சொந்தக் காலால் மிதித்துச் சதுக்கத்துக்குள் நுழைந்து, அந்தப் பெயரைத் துடைத்துப் போட வேண்டும்.

"முடியலைன்னா ஒரு போன் போடுங்க, யாரையாவது வண்டி எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்றாள் மனைவி, தண்ணீர் பாட்டிலை நீட்டி.

"போட மாட்டேன்."

"அப்ப லாரியிலேயே வந்துடுங்க. பழக்கமான வண்டிதானே."

சதுக்கத்தில் கண்ணை மூடி நின்று பிரார்த்தனை செய்தார். எல்லோரையும் காப்பாற்று என்று தொடங்கியது, சகலைக்கு மட்டும் ஒரு பஞ்சர் ஆகட்டும் என்று முடிந்தது. முதல் மலை இறக்கத்தில் டப்பென்று சத்தம் கேட்டது. பிரார்த்தனை போய்ச் சேர்ந்திருந்தது. கடவுள்தான் விலாசத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. வெடித்தது பேக்கரிக்காரரின் டியூப்.

முன்னால் போன டாக்டர் திரும்பி வந்தார்.

"என்ன சகலை, லாரிக்கு ஆள் அனுப்பட்டுமா?"

"நீங்க போங்க சகலை. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கிட்ட லட்சணத்தைத்தான் போன வருஷம் பாத்தோமே. தள்ளு."

டாக்டர் டயரைப் பிடுங்கிய விதத்தைப் பார்த்தால் அவரிடம் பல் காட்டவே பயம் வரும். ஆனால் வேலை சீக்கிரம் முடிந்தது.

மலை இறங்கியதும் ஆறு. ஆற்றோடு சேர்ந்து காற்றும், நேர் எதிரே. பேக்கரிக்காரர் உடம்பு காற்றுக்கு நல்ல அகலமான சுவர். மிதிக்க மிதிக்க நின்ற இடத்திலேயே நிற்பதுபோல இருந்தது. அப்போது டாக்டர் அவருக்கு முன்னால் வந்து ஓட்டத் தொடங்கினார். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். அவருடைய பின்சக்கரத்தை ஒட்டியே போகிறவருக்குப் பாதி பாரம் குறையும். சைக்கிள்காரர்கள் முறைவைத்து மாறி மாறி முன்னால் போவதுதான் வழக்கம்.

"நான் கொஞ்சம் முன்னால வரட்டுமா?" என்று கத்தினார் பேக்கரிக்காரர்.

"வேண்டாம்! உன் முதுகைப் பாத்துக்கிட்டே வர நான் என்ன பாவம் பண்ணேன்?"

வழி முழுக்க இப்படியே வசவுதான். பேக்கரிக்காரர் மூச்சு வாங்கிப் பின்தங்கும்போதெல்லாம் டாக்டரும் நின்றார். ஒரு பாலத்தைப் போனில் படம் எடுத்தார். ஒரு கொக்கைப் படம் எடுத்தார். பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு மண்மேட்டை வெகுநேரம் படம் எடுத்தார்.

'காசு இருக்கிறவனுக்கு மண்மேடுகூட அழகாத்தான் தெரியும்' என்று பேக்கரிக்காரர் மனதுக்குள் திட்டிக்கொண்டே அந்தப் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

மதியச் சாப்பாடு முதல் கோட்டை ஊரின் வாசல் வளைவுக்குக் கீழே. ஆளாளுக்குச் சுவரில் சாய்ந்து கிடந்தார்கள். டாக்டர் கையை நீட்டினார்.

"உன் போனைக் குடு. வீட்டுக்குப் பேசணும்."

"உங்க போன் எங்க?"

"அது காலையிலேயே செத்துப்போச்சு. ராத்திரி சார்ஜ் போட மறந்துட்டேன். மலை இறங்கும்போதே அணைஞ்சிடுச்சு."

பேக்கரிக்காரர் போனைக் கொடுத்தார். ரொட்டியை ஒரு கடி கடித்தார். கடித்தது அப்படியே வாயில் நின்றது.

மலை இறங்கும்போதே அணைந்த போனில் பாலத்தை எப்படிப் படம் எடுத்தார்? கொக்கை? அந்த மண்மேட்டை?

டாக்டர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா, உன் தங்கச்சி வீட்டுக்காரன் இன்னும் லாரியில ஏறலை. அதிசயம்தான்." பேசிக்கொண்டே ஒரு கையால் தன் கெண்டைக்காலை அழுத்திப் பிசைந்தார்.

சிலர் நல்லது செய்யும்போதும் திருடுவதுபோலத்தான் செய்கிறார்கள். கையும் களவுமாகப் பிடித்து நன்றி சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டார்கள். பேக்கரிக்காரர் ரொட்டியை விழுங்கிவிட்டுப் போனைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே உன் பாட்டை நீ பாரு. கடைசி ஏத்தத்துல உன் வேகத்துக்கு நான் வந்தா எனக்குத் தாடி முளைச்சிடும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் முதலில் கிளம்பிப் போனார்.

கடைசி ஏற்றம் இரண்டாவது கோட்டை ஊருக்குள். கருங்கல் பாவிய சந்து. பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து உச்சிக்குப் போகும். ஒரு வளைவில் நிற்பவருக்கு அடுத்த வளைவுக்கு மேல் தெரியாது. உச்சியிலிருந்து இறங்கினால் ஆற்றுப்பாலம், அதைத் தாண்டினால் சதுக்கம். அந்தச் சந்தில் ஒருதரம்கூடக் காலைத் தரையில் வைத்ததில்லை என்பது டாக்டர் கல்யாண வீடுகளில் தவறாமல் சொல்லும் கதை. கேட்டுக் கேட்டுக் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

பேக்கரிக்காரர் சின்னப் பல்சக்கரத்தில் செயினைப் போட்டு, நிதானமாக ஏறினார். காலையில் மிச்சமான பலம் இப்போது காலில் இருந்தது. நேரமும் கையில் இருந்தது. இந்த வருடம் மெடலோடு வீட்டுக்குப் போகலாம். மூன்றாவது வளைவு திரும்பியதும் பிரேக்கைப் பிடித்தார்.

மேலே டாக்டர் நடந்துகொண்டிருந்தார். ஒரு கையால் சைக்கிளைத் தள்ளி, மறுகையால் சுவரைப் பிடித்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு. நடுநடுவே குனிந்து தன் கெண்டைக்காலிடம் ஏதோ கெஞ்சினார். அது கேட்கவில்லை.

கீழே லாரியின் உறுமல் கேட்டது.

இப்போது அவரைத் தாண்டிப் போனால் மெடல். தாண்டிய கொஞ்ச நேரத்தில் லாரி டாக்டரை அள்ளிக்கொள்ளும். 'லாரி பெரியப்பா' என்று தன் மகள் கூப்பிடுவதைப் பேக்கரிக்காரர் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தார். அருமையாகத்தான் இருந்தது. இன்னொருமுறையும் ஓட்டிப் பார்த்தார். பொய் சொல்வானேன், அதுவும் நன்றாகவே இருந்தது.

பிறகு ஒரு வளைவு பின்தங்கிக்கொண்டு, சந்தின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் குறுக்கும் நெடுக்கும் மிதிக்கத் தொடங்கினார். விழாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வேகம்தான். லாரி வந்து முதுகுக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்தது.

"அண்ணே, ஏறிக்குங்க!" டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "உங்க இடத்தைக் காலியாத்தான் வச்சிருக்கேன்."

"மிதிச்சிட்டுத்தானே இருக்கேன்."

"இதுக்குப் பேரு மிதிக்கிறதா? தொட்டில்ல ஆடுற மாதிரி ஆடுறீங்க."

"சக்கரம் சுத்துதா இல்லையா?"

"சுத்துது, சுத்துது. எனக்குத் தலையும் சேர்ந்து சுத்துது." டிரைவர் இன்ஜினை உறுமவிட்டுச் சலித்துக்கொண்டார். "பன்னைக் குறைங்கண்ணே."

வளைவு வந்ததும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொள்வார். மேலே அந்த நொண்டி நடை இன்னும் தெரிந்தால் மறுபடி சுவருக்குச் சுவர் ஆட்டம். தொடை எரிந்தது. மெதுவாக ஏறுவது வேகமாக ஏறுவதைவிடக் கொடுமை என்று அன்றுதான் தெரிந்தது. காலையில் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். 'பஞ்சர் விஷயத்தை மறந்துடு சாமி. அந்த ஆளு காலை மட்டும் கொஞ்சம் பிடிச்சு விடு.'

கடைசி வளைவில் எட்டிப் பார்த்தபோது டாக்டர் உச்சியில் நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, யாரும் இல்லை என்று நிச்சயமானதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினார். பேக்கரிக்காரர் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார். சகலை மறுபக்கம் இறங்கி மறையும்வரை அங்கேயே இன்னும் ஒரு சுற்று ஆடினார். அதன் பிறகுதான் சீட்டிலிருந்து எழுந்து நின்று, நெஞ்சு வெடிக்க மிதித்தார்.

ஆற்றுப்பாலத்தில் பாதி தாண்டும்போது மணி அடிக்கத் தொடங்கியது. பாலம் முடிவதற்குள் அடித்து ஓய்ந்தும் விட்டது.

மிதித்துக்கொண்டே சதுக்கத்துக்குள் நுழைந்தார். பின்சக்கரத்தை முகர்ந்துகொண்டே லாரியும் நுழைந்தது. கூட்டம் ஊளையிட்டுக் கைதட்டியது. டாக்டர் கழுத்தில் மெடல் தொங்கியது. சுற்றி நின்ற பிள்ளைகளிடம் அவர், "காலைத் தரையில வைக்கணுமே, ம்ஹூம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரரைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"வா சகலை! எங்கய்யா போயிட்டே? அந்தச் சந்துல நானும் எவ்வளவு மெதுவாத்தான் வர்றது?"

"நீங்க போன வேகத்துக்கு என்னால முடியுமா சகலை."

மகள் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அப்பாவின் வெறும் கழுத்தைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க ஏறி வரலைதானே?"

"இல்லைடா கண்ணு."

"அப்புறம் ஏன் லாரி உங்க கூடவே வந்துச்சு?"

பேக்கரிக்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவளைத் தூக்கி சீட்டில் உட்காரவைத்தார்.

"அதுக்கு இன்னைக்கு அவசரமா போகணும்னு இருந்துச்சு. நான்தான் மெதுவா கூட்டிட்டு வந்தேன்" என்றார்.