பொன்னாயி பாட்டில் கேட்ட ஹாரன்

திருப்பூர் பனியன் கம்பெனியில் டீ நேரம். போனைத் திறந்தால் பொன்னாயி அக்காவின் குரல். ஆனால் பாட்டின் கீழே அவர் பெயர் இல்லை.

மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூர் பஸ் ஸ்டாப்பில் பலாப்பழங்களைக் குவித்து வைத்துக்கொண்டு அக்கா தானே கட்டிப் பாடிய பாட்டு அது. நேரத்துக்கு வராத பஸ்ஸைத் திட்டும் பாட்டு. போன ஆடிக்கு ஊருக்குப் போனபோது நான்தான் அதைப் பதிவு செய்து இணையத்தில் போட்டேன். அதை ஒரு பெரிய சேனல் எடுத்து, ‘எங்கள் குழுவின் பாட்டு’ என்று போட்டிருந்தது. மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

அக்காவின் ரசிகர் குழுவில் நாங்கள் அறுபத்திரண்டு பேர். எல்லாரும் மலையிலிருந்து வேலைக்கு இறங்கியவர்கள். பெங்களூரில் கட்டட வேலை செய்யும் தனபால் கொதித்தான்.

“சுமித்ரா, எல்லாருஞ் சேந்து கிழிகிழின்னு கிழிச்சுப் போடலாம்.”

“கெட்ட வார்த்தை பேசுனா நம்ம பக்கத்தைத்தான் முடக்குவாங்க. அப்புறம் அக்கா பாட்டே இருக்காது.”

அவன் அடங்கினான். நான் போனைக் கீழே வைக்கவில்லை. அக்காவின் பாட்டை ஊருலகத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தவள் நான்தானே?

மறுபடி மறுபடி கேட்டேன். கடைசி அடியில் ஒரு பஸ் ஹாரன். பாதியில் விக்கி, நின்று, மறுபடி தொடங்கும் ஹாரன். டிரைவர் அர்த்தனாரி அண்ணன் பஸ்ஸைத் தவிர வேறெதிலும் அது கேட்காது. சேனல்காரர்கள் அதை வெட்டவில்லை. தாளம் என்று நினைத்திருப்பார்கள். பாட்டு எங்கள் ஸ்டாப்பில் பதிவானது என்பதற்கு அந்த ஹாரனே சாட்சி.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“ஏங் கண்ணு, என்னையத் திட்டுற பாட்டுக்கு நானே சாட்சி சொல்லோணுமாக்கும்?”

“ஆமாங்கண்ணா. நாளைக்காச்சும் நேரத்துக்கு வாங்க.”

“வாரேன், வாரேன். ஹாரனை மட்டும் ரிப்பேர் பண்ணச் சொல்லீராதே.”

மறுநாள் காலை ஸ்டாப்பில் நின்றவர்கள் படம் பிடித்தார்கள். அக்கா பாடினார். பஸ் வளைவில் திரும்பியது. ஹாரன் அதே இடத்தில் விக்கியது. அறுபத்திரண்டு பேரும் அதை அவரவர் பக்கத்தில் போட்டோம். சேனலின் பாட்டுக்குக் கீழே ஒரே வரி எழுதினோம்: ‘பாடியவர் பொன்னாயி, வளப்பூர் நாடு.’ எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. மத்தியானத்துக்குள் முன்பின் தெரியாதவர்களும் அதையே எழுதினார்கள்.

“ஒரு நாள் கூலி போச்சு,” என்றான் தனபால்.

“எதுக்குடா லீவு போட்ட?”

“காலையில இருந்து எல்லா எடத்துலயும் அந்த வரியத்தான் எழுதிட்டிருந்தேன். எனக்குப் பாட வராது. ஆனா அந்த ஸ்டாப்புல நானும் மூணு மணி நேரம் நின்னிருக்கேன்ல?”

சாயங்காலம் அந்தச் சேனல், பாட்டின் கீழே தன் குழுவின் பெயரை எடுத்துவிட்டு ‘பொன்னாயி, வளப்பூர் நாடு’ என்று போட்டது. அக்காவிடம் சொன்னேன்.

“அது சரி கண்ணு. இன்னைக்குப் பஸ்ஸு நேரத்துக்கு வந்துருச்சே, இனிப் பாட்டை மாத்தோணுமா?”

“வேண்டாங்கக்கா. நாளைக்குப் பாருங்க.”

பக்கத்து மெஷினில் தைக்கும் ருக்குமணி அக்கா தன் போனில் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தார். “வளப்பூரா? உங்க ஊரா?”

“எங்க ஊருங்க,” என்றேன், மெஷின் சத்தத்தையும் மீறி. “அந்த ஹாரனும் எங்க ஊருதான்.”