கருப்புப் பைக்குக் கருப்புப் பூச்சு

எந்த வீட்டுக் கூரை ஒழுகினாலும் முதலில் அவரைத்தான் தேடுவார்கள். அதனால் அவர் பெயரே ஒழுக்கு மேஸ்திரி என்று ஆகிப்போனது. "ஒழுக்கு வராருடா, ஒழுக்கமா நில்லு" என்று தெருமுனையில் கிண்டல் செய்வார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை, கர்வம்தான். மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, குளியலறைச் சுவர் என்று அவர் அடைக்காத ஓட்டை கிடையாது. முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட பிறகும், எங்காவது சொட்டுச் சத்தம் கேட்டால் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்ட மனுஷன் தலைக்கு மேலேயே மகள் துணிப் பையில் செடி வளர்க்க ஆரம்பித்தாள்.

கருப்பு நிறம், கம்பளி மாதிரி கனத்த துணி, பிடித்துத் தூக்க இரண்டு பக்கமும் காது. அதில் மண்ணை நிரப்பி தக்காளியும் மிளகாயும் கத்தரியும் வைத்து மாடி ஓரமாக வரிசையாக நிறுத்தியிருந்தாள். தண்ணீர் ஊற்றினால் பையின் நாலு பக்கமும் வேர்த்து வடியும். மேஸ்திரி அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இது பையா, சல்லடையா?"

"அப்பா, அது அப்படித்தான் இருக்கணும். துணி வழியா வேருக்குக் காத்து போகும். பை மூச்சு விடும்."

"செடிக்கு மூக்கு எங்க இருக்கு, காட்டு பாப்போம்."

"உனக்கு எதைச் சொன்னாலும் நக்கல். எனக்கு வேலைக்கு நேரமாச்சு." மருந்துக்கடையில் வேலை அவளுக்கு. தண்ணீர்க் குழாயை அவசரமாகச் சுருட்டிப் போட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

பைகளைத் தைத்தது கீழ்வீட்டுத் தையல்காரி. தனிக்கட்டை. ஆயத்த உடைக் கடைகள் வந்த பிறகு அவளிடம் வருவதெல்லாம் கிழிசலும் பித்தானும்தான். வாடகைக்கே இழுபறி. வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று மகளிடம் கண்ணைக் கசக்கியிருக்கிறாள். மகள்தான் அலைந்து ஒரு வழி பார்த்தாள். கடைத்தெரு நர்சரிக்காரர் இந்த மாதிரிப் பைகளை வெளியூரிலிருந்து வாங்கி விற்கிறார். தையல்காரி தைத்த பையில் செடி செழிப்பாக வந்தால், இனிமேல் அவளிடமே தைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். காய் பிடிக்கும் நேரத்தில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. தையல்காரியின் பிழைப்பு அந்த மாடியில்தான் நின்றுகொண்டிருந்தது.

இதெல்லாம் மேஸ்திரிக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தக் காரியத்தில் இறங்கினார். இப்படி ஒழுகுகிற பையை எந்தக் கிறுக்கன் வாங்குவான் என்பது அவர் கணக்கு. பாவம், இரண்டு பொம்பளைகளும் விவரம் இல்லாமல் ஏமாறப் போகிறார்கள், நாம் இருக்கும்போது அப்படி விடலாமா என்று நினைத்தார்.

மகள் வேலைக்குப் போன ஒரு மத்தியானம், கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய டப்பாவை இழுத்தார். தண்ணீர் கசியாமல் இருக்க மாடித் தளத்துக்கும் தொட்டிக்கும் பூசுகிற கருப்புப் பூச்சு. தண்ணீரில் கலக்கிப் பூசலாம், காய்ந்துவிட்டால் வாடையும் இருக்காது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறினார். ஒவ்வொரு பையாகச் சாய்த்து அடியிலும் சுற்றிலும் பிரஷ்ஷால் இழுத்தார். விளிம்பில் மட்டும் காதோடு சேர்த்து நாலு விரல் அகலம் துணியைச் சும்மா விட்டார், பிடித்துத் தூக்க வசதியாக இருக்கட்டும் என்று. கருப்பின் மேல் கருப்பு. பூசிய இடம் எது, பூசாத இடம் எது என்று தெரியவில்லை. அது காய்ந்த பிறகு இன்னொரு கை போட்டார். வேலையென்றால் வேலை, அரைகுறை அவருக்குப் பிடிக்காது.

"என்னப்பா இது, இப்பல்லாம் தண்ணியே வடியல? மாடியும் காஞ்சு கெடக்கு" என்றாள் மகள் இரண்டொரு நாள் கழித்து.

"தெரியலையே" என்றார் மேஸ்திரி, மீசைக்குள் சிரித்தபடி. காய் பிடித்து நர்சரிக்காரர் மெச்சும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அடக்கிவைத்தார்.

காய் பிடிக்கவில்லை. இலை மஞ்சளடித்தது. செடி துவளுவதைப் பார்த்து மகள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்தாள், இன்னும் ஊற்றினாள். ஊற்ற ஊற்ற இன்னும் துவண்டது. தக்காளியின் தண்டு அடியில் கறுத்தது.

மேஸ்திரிக்கு லேசாக ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. ஆனால் தன் வேலையில் குற்றம் இருக்கும் என்று நினைத்துப் பழகிய மனுஷன் இல்லை அவர். படியில் தையல்காரி எதிரே வந்தபோது வாய் முந்திக்கொண்டது.

"என்னம்மா துணி எடுத்துத் தச்ச? சாயத்துல ஏதோ விஷம் இருக்கும் போல. என் பொண்ணு பாடுபட்டதெல்லாம் நாசமாப் போச்சு."

அவள் முகம் சுருங்கிப்போனது. "எல்லாப் பையும் ஒரே பீஸ்லதாங்க தச்சேன். நர்சரிக்காரர் கொடுத்த துணிதான்."

"கொடுத்தா அப்படியே தச்சிடுவியா? பாத்து வாங்க வேணாமா?"

அவள் விறுவிறுவென்று மாடிக்கு ஏறினாள். மேஸ்திரியும் பின்னாலேயே போனார், இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று. அவள் தக்காளிப் பையின் முன் குந்தி, பக்கத்தில் கையை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. துணியில் வளர்ந்த கை அது. விரலால் தட்டினாள். பை அட்டை மாதிரி டொக்கென்றது. நகத்தால் சுரண்டினாள், கருப்புச் செதில் பெயர்ந்து வந்தது. பிறகு பையைக் காதைப் பிடித்துச் சாய்த்தாள்.

மண்ணுக்குள்ளிருந்து ஒரு நாற்றம் எழுந்தது. மேஸ்திரிக்கு அது புதிதில்லை. திறக்காமல் பல வருஷம் கிடந்த தொட்டிக்குள் இறங்கினால் வருமே, தேங்கிச் செத்த தண்ணீர் நாற்றம், அதேதான். வேர் அதிலேயே ஊறி அழுகியிருந்தது. காற்றுக்கு வழியில்லை, தண்ணீருக்கும் வழியில்லை. அவர்தான் அடைத்திருந்தார், இரண்டு கை போட்டு.

தையல்காரி திரும்பி அவரைப் பார்த்தாள். கேட்பாள் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. விரலில் ஒட்டிய கருப்பைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவளே கேட்டிருந்தால் மல்லுக்காவது நின்றிருக்கலாம். கேட்காமல் போனதுதான் அவரைக் குத்திக்கொண்டே இருந்தது.

நர்சரிக்காரர் சொன்னபடி வந்தார். கனத்த சரீரம், படியேறியதிலேயே மூச்சு வாங்கியது. குனிந்து பார்க்கிற உடம்பில்லை. படிவாசலில் நின்றபடியே வரிசையை நோட்டம் விட்டார்.

"என்னம்மா இது, எல்லாம் நோயாளி மாதிரி நிக்குது?"

மகள் உதிர்ந்த இலைகளைக் காலால் ஓரமாக ஒதுக்கினாள். மேஸ்திரி தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்லிவிடு, இப்போதே சொன்னால் தீர்ந்தது என்று உள்ளே ஒன்று இடித்தது. மகள் முன்னால், வெளியாள் முன்னால், ஓட்டை அடைப்பதில் பேர் வாங்கிய மனுஷன் செடியைக் கொன்றேன் என்று எப்படிச் சொல்வது.

ஓரமாக நின்றிருந்த தையல்காரி மேஸ்திரி பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு நர்சரிக்காரரிடம் திரும்பினாள்.

"என் தப்புதாங்க. தையல் ரொம்ப நெருக்கமாப் போட்டுட்டேன், தண்ணி வடிய வழியில்லாமப் போச்சு."

"அனுபவம் இல்லாதவங்களை நம்பினா இப்படித்தான்" என்றார் அவர், மகளைப் பார்த்து. "சரி, அப்புறம் பாப்போம்." அப்புறம் பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவர் தெருவில் இறங்கி நடந்த பிறகுதான் மேஸ்திரியின் கால் நகர்ந்தது. முழங்கால் கெஞ்சக் கெஞ்ச பின்னாலேயே போய், ஒரு கடை மறைப்பில் மடக்கினார்.

"ஐயா, அந்தம்மா தையல்ல குத்தம் இல்ல. பை ஒழுகுதுன்னு நான்தான் வாட்டர் புரூஃப் பண்ணினேன்."

நர்சரிக்காரருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார். "செடிக்கு மழைக்கோட்டு மாட்டி விட்டீங்களா பெரியவரே? நல்ல வேளை, குடை பிடிக்கல."

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பு அடங்கியதும் நர்சரிக்காரர் கேட்டார்: "மேல நிக்கும்போது வாயில என்ன வச்சிருந்தீங்க?"

மேஸ்திரி முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"அந்தம்மாவை ஒரு பை அனுப்பச் சொல்லுங்க. என் எடத்துல நானே செடி வச்சுப் பாக்கறேன். அதுக்கு முன்னாடி நான் வாக்கு எதுவும் கொடுக்க மாட்டேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது மகள் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் சொன்னதை மேஸ்திரி இங்கேயும் சொன்னார். வெளியாளிடம் ஒரே மூச்சில் வந்த சொல், சொந்த வீட்டில் துண்டு துண்டாக வந்தது. டப்பா, பிரஷ், இரண்டு கை பூச்சு, எல்லாவற்றையும் சொன்னார். உங்க நல்லதுக்குத்தான் செய்தேன் என்று முடிக்கப் பார்த்தார். அந்தச் சொல் அவருக்கே கேவலமாகக் கேட்டது. பாதியில் விட்டுவிட்டார்.

மகள் கத்துவாள் என்று நினைத்தார். அவள் குழாயை மூடினாள்.

"அவங்களைப் படியில வச்சுத் திட்டினீங்களாமே. பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நான் நம்பல."

திட்டினீங்களாமே. பேச்சு வந்த நாளிலிருந்து அவரை நீ, வா, போ என்றே கூப்பிட்டு வளர்ந்த பெண். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் அது மாறியதில்லை. இன்றைக்கு, யாரோ வீட்டுப் பெரியவரிடம் பேசுவது போல மரியாதை வைத்தாள். அந்த மரியாதையில் மேஸ்திரிக்குக் காது மடல் சுட்டது.

"அந்தம்மாவுக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றார் மெதுவாக. "கையை வச்சதுமே கண்டுபிடிச்சிட்டா."

"அவங்களுக்குத் தெரியுமான்னு நான் கேக்கல. நீங்க சொன்னீங்களா?"

மேஸ்திரி செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

தையல்காரியின் கதவு திறந்தே இருந்தது. எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, யாருடைய பழைய கால்சட்டைக்கோ ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தும் மிதியை நிறுத்தவில்லை. அந்தக் கடகடப்புக்கு நடுவே, கொஞ்சம் உரக்கவே அவர் சொல்ல வேண்டியிருந்தது. தெருவில் போகிறவனுக்கும் கேட்டிருக்கும்.

"நான்தாம்மா பூசினேன். உன்னையும் திட்டினேன். தப்பு என்னுது."

நூல் முடிந்த இடத்தில் அவள் நிறுத்தினாள்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். பையைச் சாய்ச்ச அன்னைக்கும் பார்த்தேன், அவர் வந்து நிக்கும்போதும் பார்த்தேன். உங்களைக் காப்பாத்தணும்னு நான் அப்படிச் சொல்லலைங்க. உங்க பொண்ணு எனக்காக அலைஞ்சவ. அவ முகம் தொங்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

"நர்சரிக்காரர்கிட்டப் போய்ச் சொல்லிட்டேன். ஒரு பை கேட்டார், அவரே வச்சுப் பாப்பாராம்."

"அவர்கிட்டப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்திருக்கணும்."

"ஆமாம்மா."

உட்காருங்க என்று அவள் சொல்லவில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை. அலமாரியைத் திறந்து, மீந்த துணியில் தைத்து வைத்திருந்த ஒரு பையை எடுத்தாள். அதை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்து, ஒரு பிசிறை வெட்டினாள். அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"கையைக் கழுவிட்டு வாங்க."

மேஸ்திரி உள்ளங்கையைப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது. பூச்சு போய் எத்தனையோ நாளாயிற்று. அதை அவளிடம் சொல்லவில்லை. வாசல் குழாயடிக்குப் போய், குனிய முடியாத முழங்காலோடு குனிந்து, முழங்கை வரை தேய்த்துக் கழுவினார்.