குருவியின் தோட்டம்

மூன்றாம் வகுப்பு டீச்சர் கணக்குப் பாடத்துக்கு வீடியோ கேமைக் கொண்டுவந்தபோது தலைமையாசிரியைக்கு அரை மனசுதான். ஆனால் வாய்ப்பாடு என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகள், திரையில் தோட்டம் போடுவதற்காக ஏழாம் வாய்ப்பாட்டைத் தாங்களாகவே கேட்டு வாங்கினார்கள். ஆளுக்கொரு துண்டு நிலம். எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை செடி, மொத்தம் எவ்வளவு என்று சரியாகச் சொன்னால்தான் செடி மண்ணில் நிற்கும். தப்பானால் பொத்தென்று சாய்ந்துவிடும்.

அந்த வகுப்பில் கீச்சுக்குரலில் பேசும் ஒருத்தி இருந்தாள். எல்லாருக்கும் அவள் குருவி. பிறந்ததிலிருந்தே இதயத்தில் கோளாறு. பாதி நாள் ஆஸ்பத்திரிதான். படுக்கையில் சாய்ந்தபடியே டேப்லெட்டில் விளையாடுவாள். "டீச்சர், குருவி வந்துட்டா!" என்று வகுப்பில் கத்துவாள் அவளுடைய பக்கத்து நிலத்துக்காரி வாயாடி. திரையில் மஞ்சள் தொப்பி போட்ட சின்ன உருவம் வேலியோரம் குதித்துக்கொண்டிருக்கும்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குருவி கண் விழிக்கவில்லை.

வகுப்பில் மறுபடி கேமைத் திறந்தபோது, மஞ்சள் தொப்பி அவள் விட்ட இடத்திலேயே நின்றது. பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவேயில்லை. வாயாடி தன் நிலத்தைக்கூடத் தொடவில்லை.

"அதை அழிச்சிடுங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியை, மெதுவாகத்தான். "தினம் அதையே பாத்துட்டிருந்தா பிள்ளைங்க எப்படித் தாங்கும்?"

டீச்சருக்கு அழிக்கக் கை வரவில்லை. குருவியின் அம்மாவுக்குப் போன் செய்தார்.

தையல் கடையிலிருந்து நேராக வந்தாள் அம்மா. புடவையில் நூல் பிசிறுகள். பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

"இவ நடப்பாளா?"

"நடப்பா ஆன்ட்டி. இந்த பட்டனை அமுக்குங்க." வாயாடி பக்கத்தில் வந்து நின்றாள்.

மஞ்சள் தொப்பி நாலடி நடந்து வேலியில் முட்டியது. யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சிரிங்கப்பா. வீட்லயும் இப்படித்தான் முட்டிப்பா," என்றாள் அம்மா.

ஒரு பாத்தி காலியாக இருந்தது. எட்டு வரிசை, வரிசைக்கு ஏழு. பின்னாலிருந்து ஒருவன் விடையை முணுமுணுக்க, "சொல்லாதீங்க, நானே போடுறேன்," என்று அம்மா விரல் விட்டு எண்ணினாள். முதல் தடவை செடிகள் சாய்ந்தன. திரும்ப எண்ணினாள். இந்தத் தடவை நின்றன.

மஞ்சள் தொப்பியை அந்தச் செடிகள் பக்கம் நடத்திக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இவளை எடுத்துடலாம் டீச்சர். இங்க தனியா நிக்க வேண்டாம். தோட்டம் மட்டும் இருக்கட்டும். ஊசி குத்தின கையோட போட்டது அது."

டீச்சர் அழிக்கிற பட்டனைக் காட்டினார். அம்மாவே அமுக்கினாள். தொப்பி இருந்த இடத்தில் வெறும் புல். வாயாடி விம்மி அழ, அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவளும் அழுதாள்.

மறுநாள் டீச்சர் கேட்டார்: "குருவி தோட்டத்தை யார் பாத்துக்கறது?"

எல்லாக் கையும் உயர்ந்தது. அப்படியானால் ஆளுக்கு எத்தனை செடி? வகுத்தல் பாடம் இன்னும் ஆரம்பிக்கவில்லை, அன்றே ஆரம்பித்தார். சமமாகப் பிரியாமல் கொஞ்சம் செடி மிஞ்சியது. அது யாருக்கு என்று பெரிய சண்டை. மணி அடித்தும் ஓயவில்லை. டீச்சர் அதட்டாமல் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.