கண் மூடாத மயக்கம்

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். மஞ்சள் தோல், உடம்பெல்லாம் கரும்புள்ளி, நாலு கால், ஒரு வால். மிருகக்காட்சி சாலையில் சிறுத்தைக் கூண்டுக்கு என் வீட்டுக்காரர்தான் பொறுப்பு. அதே இடத்தில் வாசலில் உட்கார்ந்து சீட்டுக் கொடுப்பது என் வேலை. அதனால் மற்ற பெண்களைப் போல ஒளிந்து மறைந்து துப்பறிய வேண்டிய சிரமம் எனக்கு இல்லை. புருஷன் யாரைக் கொஞ்சுகிறார் என்று சாப்பாட்டு இடைவேளையில் நேரிலேயே போய்ப் பார்த்துவிடுவேன்.

"வாடி என் ராசாத்தி" என்பார். எந்த மூலையில் படுத்திருந்தாலும் எழுந்து, சோம்பல் முறித்து, அவசரமே இல்லாமல் நடந்து வந்து கம்பியில் விலாவைச் சாய்த்து நிற்பாள். நீளக் கைப்பிடி வைத்த பிரஷ்ஷை உள்ளே விட்டு இவர் முதுகைச் சொறிந்துவிடுவார். கண்ணைச் செருகிக்கொண்டு அவள் கிறங்குவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னை இந்த மனிதர் "இங்க பாரு" என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அதுதான் பெயர்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "என்ன, சக்களத்தி சாப்பிட்டாளா?" என்று கேட்பேன். மடை திறந்த மாதிரி பதில் வரும். எலும்பை எப்படி உருட்டினாள், எந்தப் பக்கம் தூங்கினாள், காக்காயைப் பார்த்து எப்படி உறுமினாள், எல்லாம். காய் நறுக்கிக்கொண்டே முகத்தைச் சுளிப்பேன், ஆனால் ஒன்று விடாமல் கேட்டுவிடுவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதக்காரர். ஊசி போடும் நாளில் அவர் குரல் அவள் காதில் விழக் கூடாது. அந்தக் கூண்டில் ஒரு பக்கச் சுவர் நகரும். கைப்பிடியைச் சுற்றினால் அது மெல்ல நெருங்கி வந்து மிருகத்தை அசைய முடியாமல் கம்பியோடு ஒட்ட வைக்கும். மற்ற ஆட்கள் அதைச் சுற்றுவார்கள், டாக்டரம்மா ஊசி போடுவாள். இவர் மான் கொட்டடிப் பக்கம் போய் நின்றுகொள்வார். "என் குரலக் கேட்டா அவ வரணும், பயப்படக் கூடாது" என்பார்.

அவளுக்குப் பல் உடைந்து சீழ் பிடித்தது. தாடை வீங்கி, தண்ணீர்கூட இறங்கவில்லை. மயக்கம் கொடுத்துப் பல்லை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா வந்தாள். அன்றைக்குப் பார்த்து அந்தச் சுவர் சிக்கிக்கொண்டது. எல்லாரும் மாறி மாறி முக்கிப் பார்த்தார்கள், இம்மியும் நகரவில்லை. நான் சாப்பாட்டுக் கேரியரோடு போய் நின்றபோது மான் கொட்டடியிலிருந்து இவரையும் கூப்பிட்டு வந்திருந்தார்கள், கூண்டுக்கு வெளியே ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தார்.

"துப்பாக்கியில வச்சு ஊசியச் சுடலாமே டாக்டரம்மா" என்றார்.

"சுட்டா உள்ள தாவுவா, ஆத்திரப்படுவா. ஆத்திரத்துல இருந்தா இந்த மருந்து சரியாப் பிடிக்காதுண்ணே. இன்னும் ஏத்தணும். ஏத்தினா மூச்சுக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது. நீங்க கூப்பிட்டா அமைதியா வந்து நிப்பா."

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கூப்பிட்டார். குரல் கம்மிப் போயிருந்தது. அதற்கும் வந்தாள். வீங்கின தாடையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்து, வழக்கம்போல விலாவைச் சாய்த்தாள். டாக்டரம்மா கம்பு நுனியில் மாட்டிய ஊசியைத் தொடையில் குத்தினாள். சட்டென்று துள்ளித் திரும்பியவள் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கால் பின்னி, தள்ளாடி, அப்படியே சரிந்தாள்.

சரிந்தாளே தவிர, கண் மூடவில்லை.

"இந்த மருந்து அப்படித்தாண்ணே. கண்ணு திறந்தே இருக்கும், இமைக்காது. காஞ்சிடாம இந்தக் களிம்பப் போட்டுக்கிட்டே இருங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் டாக்டரம்மா. இவர் தலைமாட்டில் உட்கார்ந்து களிம்பு போட்டார். பல்லை எடுத்து முடிக்கும்வரை அந்த இரண்டு கண்ணும் அவர் முகத்திலேயே நின்றன.

வீட்டுக்கு வந்ததும், "அவ பாத்துக்கிட்டே இருந்தா" என்றார்.

"டாக்டரம்மாதான் ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாங்கல்ல?"

"டாக்டரம்மா வாய்ப் பக்கம் இருந்தாங்க. கண்ணுப் பக்கம் நான்தான இருந்தேன்."

புண் ஆறியது. இரையை எலும்போடு நொறுக்க ஆரம்பித்தாள். இவர் ஆசையாகப் போய், "வாடி என் ராசாத்தி" என்றார். எழுந்தாள். எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டாள். அடுத்த கூண்டுக்காரன் சீட்டியடித்தால் வருகிறாள், இவர் குரல் கேட்டால் ஓடி ஒளிகிறாள். குரலை மாற்றிப் பார்த்தார், சட்டையை மாற்றிப் பார்த்தார், நல்ல கறியாகப் பொறுக்கி வைத்துப் பார்த்தார். கடைசியில் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். வாயைத் திறக்காமல் இரை வைத்துவிட்டு வருவார். இருமல் வந்தால்கூட வெளியே ஓடி வந்துதான் இருமுவார்.

"ஒரு மிருகம் கோவிச்சுக்கிட்டதுக்கா இப்படி இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க?" என்று ஒரு நாள் பொரிந்து தள்ளினேன்.

"கோவம்னா பரவால்ல. இது பயம்."

சக்களத்தி ஒழிந்தால் சந்தோஷப்பட வேண்டும் என்பார்கள். எனக்கோ வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது. "சக்களத்தி சாப்பிட்டாளா?" என்று கேட்டால், "சாப்பிட்டா" என்பதோடு சரி. கேட்பதை நானும் நிறுத்திவிட்டேன். மனசு கேட்காமல் ஒரு மத்தியானம் தனியாகக் கூண்டுக்கு முன்னால் போய் நின்று, "அவரு மேல என்னடி தப்பு? உன் பல்லுக்காகத்தான செஞ்சாரு?" என்று சண்டை போட்டேன். பல் போன இடம் தெரிய ஒரு கொட்டாவி விட்டாள். என்னைக் கண்டு அவளுக்குப் பயமே இல்லை.

பிறகு அவள் வயிற்றில் ஒரு கட்டி தெரிந்தது. மறுபடியும் மயக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. இந்தத் தடவை சுவர் ஒழுங்காக நகர்ந்தது. இவர் டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கி, "அவ நல்லா அசந்தப்புறம் கண்ணுக்குக் களிம்பு போட நான் வரட்டுமா?" என்று கேட்டார். வரச் சொன்னாள். ஊசி போட்டு அவள் அடங்கும்வரை வெளியே மூச்சுக் காட்டாமல் நின்றிருந்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். நான் கேரியரோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தலைமாட்டில் உட்கார்ந்து களிம்பு போட்டார். பிறகு பிடரி ரோமத்துக்குள் கையை விட்டார். இத்தனை மாதமாக அவர் பிரஷ்கூடப் படாத பிடரி. "ராசாத்தி" என்றார். "வாடி என் ராசாத்தி. நான்தாண்டி. இங்கதான் இருக்கேன்." நிறுத்தவே இல்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அன்றைக்கு நம்பாத மனிதர், இன்றைக்கு அதை நம்பித்தான் பேசிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். என் கண் நிறைந்துவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

தையல் முடிந்து, மயக்கம் தெளிய ஓர் ஊசியும் போட்டாயிற்று.

"அண்ணே, காது அசையுது. முழிக்கப் போறா. எந்திரிங்க."

"ராசா..." என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார். களிம்புக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு, பூனை மாதிரிப் பின்னாலேயே அடி வைத்து வெளியே வந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டித் தடுத்துவிட்டார். இரண்டு பேரும் நடந்தோம். மான் கொட்டடி வந்த பிறகுதான் அவர் மீதிப் பெயரைச் சொல்லி முடித்தார்.