திமிங்கலம் ஒன்று, யாரும் பார்க்கவில்லை

1
இந்தக் கதை எனக்கு ஒரு வெள்ளைப் பலகையில் கிடைத்தது. பனியாறு காட்டக் கூட்டிப்போகும் சின்னக் கப்பலில், அன்றன்று கண்ட விலங்குகளை எழுதிவைக்கும் பலகை. ‘கடல்நாய் 6, காண்டோர் கழுகு 2, திமிங்கலம் 1 (யாரும் பார்க்கவில்லை).’ எழுதியவள் வழிகாட்டி யாஸ்னா. சிலி நாட்டின் தென்கோடியில், புந்தா அரேனாஸ் கல்லூரியில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. தேர்விலும் இப்படித்தான் எழுதுவாள்.

2
முதல் வரி: ‘நீலப் பனிச்சுவர் மௌனமாக அழுதது.’ (அடித்துவிட்டேன். பனி அழாது, உருகும். அழுதவர் சுக்கான் பிடிக்கும் எலிசேயோ பர்ரியா.)

மறுபடியும். எலிசேயோவின் தம்பி நொல்பெர்த்தோ, இருபத்திரண்டு வருடத்துக்கு முன் பனியாற்றை அளக்கப் போனவர்களுக்கு மூட்டை சுமந்து போனான். பனிப் பிளவில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. சவப்பெட்டி இல்லாமல் என்ன சாவு என்று அம்மா சடங்கு செய்யவே விடவில்லை. பனியாறு அதன்பின் இரண்டு கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. அவன் விழுந்த இடம் இப்போது கடல். பழைய வரைபடத்தில் மட்டும் அது இன்னும் வெள்ளை, நடுவே எலிசேயோ பென்சிலால் போட்ட சிலுவை. வரைபடத்தை நம்பினால், கப்பல் பனிக்கட்டி மேல் ஏறிப் போகிறது.

3
போன மாதம்தான் கப்பலால் முதல்முறை அந்தச் சிலுவைக் குறிவரை போக முடிந்தது. எலிசேயோவின் கை தானாக வேகத்தைக் குறைத்தது. குறைத்தால் வழிகாட்டி ஒலிபெருக்கியில் காரணம் சொல்லியாக வேண்டும். கப்பல் விதி.

“மாமா, என்னன்னு சொல்ல?”

“எதையாவது சொல்லு. தம்பியப் பத்தி மட்டும் வேணாம். பைனாகுலர் வச்சு வேடிக்கை பாக்குற சாவு அவனுக்கு வேணாம்மா.”

யாஸ்னா மைக்கை அழுத்தினாள். “திமிங்கலம்! எல்லாரும் சத்தம் போடாம மேல வாங்க.”

நாற்பது பேர் வந்தார்கள். தண்ணீரையே பார்த்து நின்றார்கள். அது மூச்சு விடும் சத்தம் காதில் விழ வேண்டுமே என்று ஒரு பெரியவர் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். அவரைப் பார்த்து மற்றவர்களும், கல்லறையருகே கழற்றுவதுபோல. ஐந்து நிமிடம், ஒரு இருமல்கூட இல்லை.

எலிசேயோ சுக்கானை விடாமல் விம்மினார்.

(இங்கே கடலைப் பற்றி அழகான பத்தி ஒன்று இருந்தது. எடுத்துவிட்டேன்.)

4
திமிங்கலத்தைக் காணோம் என்று பயணிகளின் புகார் கேப்டனிடம் போனது.

“திமிங்கலத்துக்கு வாலாவது இருந்துச்சா?” என்றார் கேப்டன். “யாஸ்னா, இன்னொரு பொய் சொன்னா உனக்கு வேலை இல்ல. எலிசேயோ, காரணமில்லாம நிறுத்தினா உங்களுக்குச் சுக்கான் இல்ல.”

“காரணம் இருக்கு கேப்டன்” என்றார் எலிசேயோ.

“என்ன காரணம்?”

எலிசேயோ வரைபடத்தைச் சுருட்டினார். “ஒண்ணுமில்ல.”

5
முடிவு ஒன்று: நிஜமாகவே திமிங்கலம் வருகிறது. (சீ.)

இரண்டு: யாஸ்னா உண்மையைச் சொல்கிறாள். நாற்பது பேரும் எலிசேயோவைப் படம் எடுக்கிறார்கள்.

மூன்று: எலிசேயோ நிறுத்தாமல் போகிறார். நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கு முறையும் குறி நெருங்கியதும் அவர் கை…

இதோ, வேகம் குறைந்துவிட்டது. நாற்பது பேர் கீழே நண்டு சூப் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். யாஸ்னா மைக்கை உங்களிடம் நீட்டுகிறாள். என்ன சொல்லி அவர்களை மேலே வரவழைப்பீர்களோ, உங்கள் பாடு.

தொப்பியை மட்டும் கழற்றச் சொல்லுங்கள்.