ஒத்த உடம்பு

ஒரே அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகளான எங்களுக்கு ஊரில் ஒத்த உடம்புக்காரிகள் என்று பெயர். முதலில் பிறந்தவள் கெங்கம்மாள், அவள் காலைப் பிடித்துக்கொண்டு வந்தவள் எல்லம்மா, அதாவது நான். ஒருத்திக்குச் சுரம் வந்தால் அம்மா இருவர் வாயிலும் கஷாயம் ஊற்றுவாள். பள்ளிக்கூடத்தில் அம்மை குத்த வந்தவனைக் கண்டு அக்கா ஒளிந்துகொண்டபோது அவள் பெயருக்கும் நானே கையை நீட்டினேன். இரண்டு தழும்பும் என் கையில்தான் இருக்கின்றன. அன்றைக்கு ஊரே சிரித்தது, நாசமாய்ப் போன சிரிப்பு.

கல்யாணமாகி அவள் கும்மிடிப்பூண்டிக்குப் போனாள். நான் ஏரியில் இறால் பிடித்துக்கொண்டு இங்கேயே கிடந்தேன். லாரியிலிருந்து விழுந்து அவள் புருஷன் முனிகிருஷ்ணன் படுக்கையோடு படுக்கையானான். அதற்குப் பிறகு ஒரு ஷெட்டில் சாயத்தூள் வந்த டிரம்களைக் கழுவும் வேலைக்கு அவள் சேர்ந்தாள். மூன்று பிள்ளைகளும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

போன ஆடியில் எளாவூரில் பஸ் இறங்கி, வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தாள்.

"எல்லா, மார்ல கொட்டப்பாக்கு கணக்கா ஒரு கட்டி கீதுடி. நாளைக்கி ஷெட்டுக்கு லேடி டாக்டர் வர்றாங்க. நோவுன்னு தெரிஞ்சா மேஸ்திரி மோசஸ் என் பேரை அடிச்சுடுவான். என் பேர்ல நீ போய்க் காட்டு."

"கட்டி உனக்குத்தானே கீது?"

"ஒத்த ஒடம்புதானேடி? உனக்கு ஒண்ணும் இல்லன்னா என்னுது கெட்ட கட்டி இல்லன்னுதானே அர்த்தம்?"

இந்த மரமண்டைக்கு அது நியாயமாகவே பட்டது. போனேன். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, கெங்கம்மாள் பெயர் போட்ட சீட்டில் 'நோய் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். அக்கா அந்தச் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கு ஓட்டலில் உட்கார்ந்து இருவரும் வயிறு நிறைய நாஷ்டா தின்றோம்.

பதினோரு மாதத்தில் கட்டி புண்ணாகி உடைந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சந்திரகலா என்ற டாக்டரம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன வருஷம் ஒண்ணுமே இல்லையா? அப்போ இது ரொம்ப வேகமா வளர்ற ஜாதி. அதுக்கு ஏத்த மாதிரிதான் மருந்து கொடுக்கணும்."

கட்டிலிலிருந்தபடியே அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். சொன்னால் சீட்டு பொய்யென்று ஷெட்டுக்குத் தெரிந்து அவள் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் தப்பு மருந்து. எலிப்பொறியில் மாட்டியவள் போல விழித்தேன். அப்புறம், எது போனாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"டாக்டரம்மா, அன்னிக்கி காட்டினது நானு. எங்களுக்கு ஒத்த ஒடம்புன்னு..."

அவர் கையிலிருந்த அட்டையை மேசையில் ஓங்கி அடித்தார். "அறிவிருக்கா உங்களுக்கு? அப்பவே வந்திருந்தா வெட்டி எடுத்திருப்பேனே!"

அழுதேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு நூல் இருக்கும்மா. உடம்பு எப்படி வேலை செய்யணும்னு அதுலதான் எழுதியிருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நூல்தான். ஆனா அது சின்னச் சின்ன உருண்டை மேல சுத்தியிருக்கு. அந்த உருண்டைக்கு ஹிஸ்டோன்னு பேர். இறுக்கமா சுத்தின எடம் ஊமையா கிடக்கும், தளர்ந்த எடம் வேலை செய்யும்னு இப்பத்தான் வெளிநாட்டுல சொல்றாங்க. உனக்கு மூடியிருக்கிறது அவளுக்குத் தொறந்திருக்கலாம். அவளுக்கு மூடக்கூடாதது மூடியிருக்கலாம்."

"இன்னாத்தால அப்படி ஆவுது?"

"தெரியலம்மா. வயசோ, சாப்பாடோ, மூச்சுல போற ஏதாவதோ. இன்னும் யாருக்கும் தெரியாது."

எனக்கு உடனே டிரம் ஞாபகம்தான் வந்தது. சீட்டு வாங்கப் போன அன்றைக்கு ஒரு மணி நேரம் நின்றதற்கே அந்த நெடி தொண்டையைப் பிடித்துக்கொண்டது. அக்கா அங்கே ஆறு வருஷம் நின்றிருக்கிறாள்.

டாக்டரம்மா போனதும் அக்கா மெல்லப் பேசினாள்.

"திங்கக்கெழம ஆள் நிக்கலன்னா பேரை அடிச்சுடுவான். நான் திரும்பி வர்ற வரைக்கும் நீ போய் நில்லுடி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பைத்தியமாடி உனக்கு? நீ வேற நான் வேறன்னு இப்பத்தானே அந்தம்மா சொல்லிட்டுப் போறாங்க!"

"அந்தம்மாவுக்குத் தெரியும். மோசஸுக்குத் தெரியாதே."

"அந்த நெடி என்னையும் புடிச்சிக்கினா?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "சின்னவன் பால் இல்லாம தூங்க மாட்டான்" என்று மட்டும் சொன்னாள். அவளை அறையலாம் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் முந்தானைக்குள் கையை விட்டு இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றும் இல்லை. இன்றைக்கு இல்லை.

ஷெட் வாசலில் மோசஸ் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் மூடி திறந்த டிரம்கள் வரிசையாக நின்றன. நெடி வாசல் வரைக்கும் வந்தது.

"கெங்கம்மா!"

மூச்சை அடக்கிக்கொண்டேன். எத்தனை நேரம்தான் அடக்க முடியும்?

"கீறேங்க" என்று சொல்லி உள்ளே போனேன்.